திருப்பிச் சொல்வதைக் கேட்டல்



சென்னையிலிருந்து கோவைக்கு வரைபடத்தில் ஒரு நேர்க்கோடு போட்டால், அது நாம் கூடியிருக்கும் போளூருக்குச் சற்றுத் தெற்கே வந்து ஜவ்வாது மலையின் தென்முனையை ஒட்டிக்கொண்டு போகும். நம் தலைக்கு மேலே வெள்ளைக் கோடு இழுத்துச் செல்லும் ஒவ்வொரு பயணிகள் விமானத்துக்கும், அந்த நேரத்தில் தரையில் பொறுப்பேற்றிருக்கும் ஒருவர் உண்டு. விமானி அவரிடம் கேட்டுத்தான் உயரம் மாற்றுவார், திசை திருப்புவார். இந்த ஜவ்வாது மலைத்தொடரில்தான், காவலூரில், 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள், அதே வானத்தைக் காதால் காவல் காப்பவர்களைப் பற்றியது. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களான அவர்களை விமான நிலையத்தார் சுருக்கமாக ஏடிசி என்பார்கள். அவர்களைப் பயிற்றுவிக்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்த வேண்டும் என்பது என் கட்சி. நம் பேச்சைக் கேட்டுப் பழகாத கருவியை நம் பிள்ளைகளுக்கு ஆசானாக உட்கார வைக்கக் கூடாது என்பது அதே கட்சியின் மறுபாதி. இரண்டையும் சேர்த்தே சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டு விமானங்களை நகர்த்தும் வேலை என்று வெளியிலிருந்து தோன்றும். உள்ளே போனால் அது பெரும்பாலும் சொல்லும் வேலை, அதைவிட அதிகமாகக் கேட்கும் வேலை. இரண்டு விமானங்களுக்கு நடுவே செங்குத்தாக 1,000 அடி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பக்கவாட்டில் குறிப்பிட்ட தூரம் இருக்க வேண்டும். இந்த இடைவெளியைக் காப்பது ஒரு சொற்றொடர்தான். கட்டுப்பாட்டாளர் விமானத்தின் பெயர் சொல்லி, செய்ய வேண்டியதைச் சொல்லி, எண்ணைச் சொல்கிறார். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்கிறார். திருப்பிச் சொன்னது சரியா என்று கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துச் சரிபார்க்கிறார். இந்த மூன்றாவது படிதான் உயிர்நிலை. போளூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரம் – காட்பாடி தடத்தில் ரயில் வரும் நேரம் ரயில்வே கேட்டில் நின்றவர்கள் கவனித்திருக்கலாம். கேட்டை மூடச் சொல்லி நிலைய அதிகாரி தொலைபேசியில் அழைத்தால், ‘சரி சார், மூடிட்டேன்’ என்பதோடு கேட்கீப்பர் நிறுத்திக்கொள்வதில்லை. ‘பிரைவேட் நம்பர்’ என்று ஓர் எண்ணைச் சொல்கிறார். அது பதிவேட்டில் ஏறுகிறது. வெறும் ‘சரி’ என்ற சொல்லை நம்பி ஒரு ரயிலை விடக் கூடாது என்பதைத் தண்டவாளக்காரர்கள் நெடுநாள் முன்பே கண்டுகொண்டார்கள். வானில் அந்தப் பாடம் உயிர்களை விலையாகக் கேட்டு வாங்கியது.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் சுபாங்குக்கு ஃபிளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. போயிங் 747, உள்ளே நான்கு பேர். 2,400 அடிக்கு இறங்கலாம் என்று சொல்ல வந்த கட்டுப்பாட்டாளர் ‘டிசெண்ட் டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்றார். அந்த ‘டூ’வை இரண்டு என்ற எண்ணாகச் சொன்னார் அவர். விமானத்தில் இருந்தவர்கள் அதை ‘வரைக்கும்’ என்ற பொருள் தரும் மற்றொரு ‘டூ’வாக எடுத்துக்கொண்டார்கள். ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று பதில் வந்தது. 2,400 அடி அந்த நொடியில் 400 அடி ஆகிவிட்டது. திருப்பிச் சொன்னதில் பிழை பச்சையாகத் தெரிகிறது. ஆனால் யாரும் பிடிக்கவில்லை. பூச்சோங் அருகே குன்றில் விமானம் மோதியது; நால்வரும் இறந்தார்கள். விமானிகள் தங்கள் கருவிகளையும் எச்சரிக்கை ஒலிகளையும் மதித்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனாலும் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி ஓர் ஓரெழுத்துச் சொல். ஒலி ஒன்று, பொருள் இரண்டு.

ஏழு ஆண்டு கழித்து, 1996 நவம்பர் 12 மாலை, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் நடந்ததை நம் நாட்டில் இத்துறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானம் 14,000 அடியில். இறங்கிவந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. கட்டுப்பாட்டாளர் எதிரே விமானம் வருவதையும் எச்சரித்தார். இருந்தும் கஜகஸ்தான் விமானம் தனக்குத் தந்த உயரத்துக்குக் கீழே இறங்கியது. 349 பேர் இறந்தார்கள். நீதிபதி லகோத்தி தலைமையிலான விசாரணை, அனுமதியின்றி இறங்கியதையே முதன்மைக் காரணமாகச் சொன்னது. இதில் நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று. அன்று தில்லியின் ரேடார் திரையில் விமானம் இருக்கும் இடம் தெரியும், உயரம் தெரியாது. உயரத்துக்கு விமானியின் வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. அதன் பிறகு உயரம் காட்டும் ரேடார் வந்தது, விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் உயரத்தை மாற்றச் சொல்லும் ஆணை இன்றும் பெரும்பாலும் குரலில்தான் போகிறது.

இந்தக் குரலை எப்படிப் பழக்குகிறார்கள்? இந்திய விமான நிலைய ஆணையத்துக்குப் பிரயாக்ராஜில் 1948 முதல் இயங்கும் பயிற்சிக் கல்லூரி உண்டு. ஹைதராபாத்திலும் கோந்தியாவிலும் பயிற்சி மையங்கள் உண்டு. வகுப்புப் பாடம் முடிந்ததும் சிமுலேட்டர். பயிற்சியில் இருப்பவர் முன்னால் ரேடார் திரை, காதில் ஹெட்செட். அடுத்த அறையில் சிலர் உட்கார்ந்து விமானிகளாகப் பேசுகிறார்கள். அவர்களுக்குச் சூடோ பைலட் என்று பெயர். ஒரே ஆள் பத்துப் பன்னிரண்டு விமானங்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே, பயிற்சி பெறுபவர் சொல்லும் ஆணைகளை விசைப்பலகையில் தட்டி, திரையில் அந்த விமானங்களைத் திருப்புவார். அருமையான ஏற்பாடு, ஆனால் ஆள் தின்னும் ஏற்பாடு. ஒருவர் ஒரு மணி நேரம் பழகுவதற்கு இரண்டு மூன்று பேர் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்க வேண்டும். 2014-இல் 74 ஆக இருந்த இயங்கும் விமான நிலையங்கள் இன்று 150-ஐத் தாண்டிவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை, கட்டுப்பாட்டு அலுவலர் பற்றாக்குறையையும் பணிச்சோர்வையும் பயணிகளின் பாதுகாப்புக்கான கவலையாகவே பதிவு செய்தது. ஆள் பற்றாக்குறை உள்ள துறையில் பயிற்சிக்கென ஆளை ஒதுக்குவது, பஞ்ச காலத்தில் விதைநெல்லைக் காப்பது போன்ற காரியம். எல்லோருக்கும் அவசியம் தெரியும். கை அதற்குத்தான் முதலில் போகும்.

செயற்கை நுண்ணறிவு பொருத்தமாக நுழையக்கூடிய இடம் இந்த அடுத்த அறைதான். 2023-இல் சுவிட்சர்லாந்தின் இடியாப் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் இப்படியொரு இயந்திர விமானியை உருவாக்கி ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதன் உள்ளமைப்பு எளிது. பயிற்சி பெறுபவர் பேசியதை ஒரு பகுதி எழுத்தாக்குகிறது. இரண்டாவது பகுதி அந்த எழுத்திலிருந்து எந்த விமானம், என்ன ஆணை, எவ்வளவு என்ற மூன்றையும் பிரித்தெடுக்கிறது. மூன்றாவது பகுதி விமானி பேசும் முறையில் பதிலைக் கட்டி, செயற்கைக் குரலில் பேசுகிறது. இத்தனையும் அடுத்த அறையில் உள்ள ஆள் செய்ததைத்தான் செய்கிறது. என்னைக் கவர்ந்தது அவர்கள் சேர்த்த இன்னொரு சிறு வசதி. இயந்திர விமானி வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொல்லும். 240 என்றால் 250 என்று சொல்லிப் பார்க்கும். பயிற்சி பெறுபவர் பிடிக்கிறாரா, விட்டுவிடுகிறாரா என்பதைப் பதிவு செய்துகொள்ளலாம். சுபாங்கில் தவறவிட்ட அந்த ஒரு படியை நூறு தடவை, ஆயிரம் தடவை பழக்கலாம். மனிதரும் வேண்டுமென்றே பிழை சொல்லலாம், சொல்கிறார்கள். ஆனால் எந்த வகைப் பிழையை இந்தப் பிள்ளை திரும்பத் திரும்ப விடுகிறது, வேலைப்பளு எந்த அளவைத் தாண்டும்போது காது மந்தமாகிறது என்றெல்லாம் கணக்கு வைக்க மனிதருக்கு நேரம் இல்லை. இயந்திரம் சலிக்காமல் கணக்கு வைக்கும்.

அரிதாக வரும் ஆபத்துக்கும் இது நல்ல கருவி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சென்னையில் தரையைத் தொட முயன்ற ஒரு விமானம் பக்கவாட்டுக் காற்றில் ஆடி மறுபடியும் மேலே ஏறிப்போன காட்சியை நாடே பார்த்தது. அதே புயல்மழை அடுத்த நாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண்சரிவாக இறங்கி ஏழு உயிர்களைக் கொண்டுபோனதை நம் மாவட்டம் மறக்காது. அப்படிப்பட்ட நாளில் ஒரு விமானம் மறுபடி மேலேறும்போது, பின்னால் வரிசையில் நிற்பவற்றை எங்கே நிறுத்துவது, எரிபொருள் குறைந்தது எது, பெங்களூருக்குத் திருப்புவது எதை என்று ஒரே நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். புதிதாக வேலையில் சேர்ந்தவருக்கு அந்த அனுபவம் கிடைக்க இன்னொரு புயல் வர வேண்டுமா? பயிற்சி அறையில் அந்த நாளை எத்தனை முறை வேண்டுமானாலும் வரவழைக்கலாம்.

இதுவரை சொன்னதில் சிக்கல் ஒன்றும் இல்லை. சிக்கல் இயந்திரத்தின் காதில் இருக்கிறது. பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் தான் கேட்டு வளர்ந்த குரல்களைத்தான் நன்றாகக் கேட்கும். இந்தத் துறை ஆய்வாளர்கள் வெகுநாள் பயன்படுத்திவரும் பேச்சுத் தொகுப்புகளில் ஒன்று ஏடிகோசிம். 10 கட்டுப்பாட்டாளர்கள், ஏறத்தாழ 10 மணி நேரம். பிரான்சில் ஐரோப்பிய ஆய்வு மையமொன்றின் சிமுலேட்டரில் பதிந்தது. பேசியவர்களின் தாய்மொழி ஜெர்மன், சுவிஸ் ஜெர்மன், சுவிஸ் பிரெஞ்சு. அவர்கள் நேர்மையாகச் செய்த வேலை அது. ஆனால் அதில் வந்தவாசிக்காரரின் குரல் இல்லை, கொல்லத்துக்காரரின் குரல் இல்லை. நம் ஆங்கிலத்தை இயந்திரம் எவ்வளவு கேட்கிறது என்று அளக்க, 2023-இல் சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவினர் ஸ்வரா என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். நாட்டின் 65 இடங்களைச் சேர்ந்த 117 பேர் பேசிய 9.6 மணி நேர ஆங்கிலம். உலகம் மெச்சும் மென்பொருள்களைக்கூட அதில் வைத்துப் பார்த்தபோது, இந்திய உச்சரிப்பில் இன்னும் போக வேண்டிய தூரம் இருப்பது தெரிந்தது. அது அன்றாடப் பேச்சு. இரைச்சலும் வேகமும் எண்களும் நிறைந்த வானொலிப் பேச்சுக்கு அந்தத் தூரம் இன்னும் கூடத்தான் இருக்கும்.

இங்கே நம் மொழி சார்ந்த ஒரு நுட்பத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். தமிழ் வாய் வல்லின மெய்யில் ஒரு சொல்லை முடிக்காது. லெஃப்ட் என்பதை லெஃப்டு என்போம், ரைட் என்பதை ரைட்டு என்போம், டிசெண்ட் என்பதை டிசெண்டு என்போம். படித்தவர்களும் அவசரத்தில் இப்படித்தான் பேசுகிறோம். இந்த இறுதி ஒலிக்கு நம் இலக்கணம் குற்றியலுகரம் என்று பெயரிட்டு, அரை மாத்திரை என்று அளவும் சொல்லி வைத்திருக்கிறது. நமக்கு அது ஒலியே இல்லை. சொல்லின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மூச்சு. ஐரோப்பியக் குரல்களில் வளர்ந்த இயந்திரத்துக்கு அது எதுவாகவும் கேட்கலாம். ‘டிசெண்டு’ என்பதன் ‘டு’வை அது ‘டூ’வாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நான்கு பேரின் உயிரைக் குடித்த அதே ஓரெழுத்துக் குழப்பம், இந்த முறை பயிற்சி அறைக்குள், நம் உகரத்தின் வழியாக வந்து உட்காரும். அங்கே யாரும் சாக மாட்டார்கள். ஆனால் சரியாகச் சொன்ன பிள்ளை தப்பாகச் சொன்னதாக மதிப்பெண் பட்டியல் காட்டும்.

இதற்கு ஒரு பதில் வருவது எனக்குத் தெரியும். கடுமையான பதில், அலட்சியப்படுத்தக் கூடாத பதில். ‘வானொலியில் பேசுவது உலகப் பொது ஆங்கிலம். உகரத்தை ஒட்டவைத்துப் பேசினால் ரஷ்ய விமானிக்கும் அரபு விமானிக்கும் புரியாமல் போகும். இயந்திரம் புரிந்துகொள்ள மறுப்பது நல்லதுதான். அது பிள்ளையின் நாக்கைத் திருத்தும்.’ பாதி சரி. விதியில் உள்ள சொற்றொடரை விட்டுத் தன் இஷ்டத்துக்குப் பேசுவதை எந்தப் பயிற்சியும் பொறுக்கக் கூடாது. சுபாங்கில் அனுமதிக்கப்பட்ட சொல்முறை விதிப்படி இருந்திருந்தால் குழப்பமே வந்திராது. ஆனால் சொற்றொடர் வேறு, உச்சரிப்பு வேறு. சர்வதேச விதிப்புத்தகமே இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. வானொலியில் மூன்றை ‘ட்ரீ’ என்று சொல்லச் சொல்கிறது. ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’, ஆயிரம் ‘டௌசண்ட்’. லண்டனில் பிறந்தவரும் வானொலியில் இப்படித்தான் சொல்ல வேண்டும். உலகின் பாதி நாக்குகளுக்கு வராத ஆங்கில ஒலிகளை விதி தானே கழற்றி வைத்திருக்கிறது; பேச்சு எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்காக ஆங்கிலக்காரரையும் வளைந்துவரச் சொல்லியிருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மொழித் திறனுக்கு வைத்த ஆறு படிகளில், பணிக்குப் போதுமானது நான்காம் படி. அந்தப் படியில் உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருக்கலாம். அது சில வேளைகளில் மட்டுமே புரிதலுக்கு இடைஞ்சலாகலாம், அவ்வளவுதான். மனிதத் தேர்வாளர் ஏற்றுக்கொள்ளும் குரலை இயந்திரம் தள்ளிவிட்டால் குறை குரலில் இல்லை. இன்னொரு தீங்கும் உண்டு. பிள்ளைகள் புத்திசாலிகள், எப்படிப் பேசினால் இயந்திரத்துக்குக் கேட்கும் என்று இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறுத்தி நிறுத்தி, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசப் பழகுவார்கள். உண்மையான ஆபத்து வேளையில் விமானியை உலுக்க வேண்டிய குரல் அந்தப் பழக்கத்தில் மழுங்கும்.

இந்தச் சொற்பொழிவுக்குப் போளூர் ஏன் பொருத்தமான இடம் என்பதற்கு இப்போது வருகிறேன். இந்த வேலைக்குப் பணக்காரப் படிப்பு வேண்டியதில்லை. இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. போதும், அல்லது பொறியியல் பட்டம். ஜமுனாமரத்தூரிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்கு வரும் மாணவிக்கும் அந்தத் தகுதி உண்டு. எழுத்துத் தேர்வு முடிந்ததும் குரல் தேர்வு என்று ஒன்று வரும். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மலைப்பாக நிற்பது அதுதான். கணக்குப் போடத் தெரியும். முப்பரிமாணத்தில் விமானங்களை மனத்தில் நிறுத்தத் தெரியும். வாயைத் திறந்து ஆங்கிலம் பேசக் கூச்சம். சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு இயந்திரத்தைப் போல நல்ல மருந்து வேறில்லை. இரவு பத்து மணிக்கும் கேட்கும், நூறாவது தடவையும் கேட்கும், முகம் சுளிக்காது. ஆக, இந்தக் கருவியால் மிகுந்த பயன் பெறக்கூடியவர் நம்மூர்ப் பிள்ளை. இந்தக் கருவிக்கு மிகக் குறைவாகக் கேட்கும் குரலும் நம்மூர்ப் பிள்ளையின் குரல்தான். இந்த இரண்டு உண்மைகளும் ஒரே ஆளின் மேல் வந்து விழுவதால்தான் இதை ஒரு தொழில்நுட்பச் சில்லறைக் குறையாக என்னால் ஒதுக்க முடியவில்லை. கான்வென்ட் படிப்பு இருப்பவருக்கு இயந்திரம் உடனே பணியும். இல்லாதவரை ‘மீண்டும் சொல்லவும்’ என்று திருப்பித் திருப்பிக் கேட்டு, அவர் ஏற்கெனவே சுமக்கும் கூச்சத்தை உறுதிப்படுத்தும்.

இளைஞர்கள் மனத்தில் இன்னொரு கேள்வி இருக்கும். இயந்திரம் இவ்வளவு செய்யுமானால் நாளைக்கு வானத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளாதா, நாங்கள் ஏன் இந்த வேலைக்குப் படிக்க வேண்டும்? பிரிட்டனில் இந்தக் கேள்வியை நேராகவே ஆராய்கிறார்கள். அங்கு வான் போக்குவரத்தை நடத்தும் நாட்ஸ் நிறுவனமும் ஆலன் டூரிங் நிறுவனமும் எக்ஸிட்டர் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021-இல் தொடங்கிய ப்ளூபேர்ட் திட்டம், மென்பொருளைக் கொண்டே வானத்தின் ஒரு பகுதியை நிர்வகிக்க முடியுமா என்று பார்க்கிறது. அதற்காக அவர்கள் செய்ததில் ஒன்று, மனிதருக்கு வைக்கும் தொடக்கநிலைப் பயிற்சியின் அளவுகோலையே மென்பொருளுக்கும் வைத்தது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். ஆனால் அதே நாட்ஸில் 2023 ஆகஸ்ட் 28 அன்று நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே சுருக்கப்பெயர் கொண்ட இரண்டு இடங்கள், ஒன்று அமெரிக்காவிலும் மற்றொன்று பிரான்சிலும், ஒரே விமானத்தின் பயணத் திட்டத்தில் வந்துவிட்டன. கணினிக்குக் குழப்பம், முதன்மைக் கணினி நின்றது, மாற்றுக் கணினியும் அதே காரணத்தால் நின்றது. ஏழு லட்சத்துக்கும் அதிகமான பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். நம் தில்லியில் 2025 நவம்பர் 7 அன்று, விமானங்களின் பயணத் திட்டங்களைக் கட்டுப்பாட்டாளர்களுக்கு அனுப்பும் தானியங்கிச் செய்தி அமைப்பு பழுதாகி, 800-க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. இரண்டு இடத்திலும் பழுதானது செயற்கை நுண்ணறிவு அல்ல, பழைய பாணிக் கணினிதான். இரண்டு இடத்திலும் பணியில் இருந்தவர்கள் கையால் வேலை பார்த்துக் குறைந்த அளவிலேனும் விமானங்களைப் பத்திரமாக நகர்த்தினார்கள். கணினி வளர வளர அந்தக் கைப்பழக்கத்துக்குத் தேவை அரிதாகும், அரிதானது மறக்கும். ஆகவே இயந்திரத்தைக் கொண்டு கொடுக்கும் பயிற்சியில், இயந்திரமே இல்லாமல் வேலை பார்க்கும் பாடத்துக்குத் தவறாமல் ஒரு பங்கு வேண்டும். திரையை அணைத்துவிட்டு, காகித ஸ்ட்ரிப்பில் பென்சிலால் உயரங்களை எழுதி, குரலை மட்டும் வைத்து விமானங்களைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.

பயிற்சி மையங்களில் பாடம் நடத்தியவர்கள் சொல்லக்கூடிய ஓர் எதிர்வாதத்தை நான் முழுதாகவே ஒப்புக்கொள்கிறேன். சூடோ பைலட் நாற்காலி வெறும் கூலி வேலை அல்ல. பயிற்சியில் இருப்பவர்களே முறை வைத்து அங்கே உட்கார்வதும் உண்டு. தோழன் தடுமாறும்போது மறுமுனையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவருக்குத் தெளிவற்ற ஓர் ஆணை விமானியை எப்படிக் குழப்பும் என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரியும். அந்த நாற்காலியை முழுவதும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டால் இந்தப் படிப்பு போய்விடும். எனவே தினசரிப் பழக்கத்துக்கு இயந்திரம், முக்கியமான கட்டங்களுக்கு மனிதர் என்று பிரித்துக்கொள்ளலாம். மதிப்பிடும் பொறுப்பிலும் எனக்கு இதே நிலைதான். இடைவெளி குறைந்ததா, பிழையைப் பிடித்தாரா, எத்தனை நொடியில் பதில் சொன்னார் என்பவற்றை இயந்திரம் எண்ணித் தரட்டும். கட்டுப்பாட்டாளர்கள் ‘பிக்சர்’ என்று ஒன்றைச் சொல்வார்கள். தன் பொறுப்பில் உள்ள எல்லா விமானங்களும் இன்னும் ஐந்து நிமிடத்தில் எங்கே இருக்கும் என்று மனத்தில் நிற்கும் படம். ஒருவர் எல்லா இடைவெளிகளையும் காப்பாற்றி முழு மதிப்பெண் வாங்கியபோதே அவருடைய பிக்சர் கலைந்து, அதிர்ஷ்டத்தில் கரையேறியிருக்கலாம். பக்கத்தில் நின்று அவர் விரல்களையும் மூச்சையும் பார்த்த மூத்தவருக்கு அது தெரியும். தேர்ச்சி உண்டா இல்லையா என்ற கையெழுத்து அந்த மூத்தவருடையதாகவே இருக்க வேண்டும்.

அப்படியானால் இயந்திரத்தின் காதை நம் பேச்சுக்குப் பழக்குவது எப்படி? வெளிநாட்டு மென்பொருளை விலைக்கு வாங்கும்போதே, இங்கே பயிற்சி பெறுபவர்களின் குரலில் அது எவ்வளவு பிழை விடுகிறது என்று தனியாகச் சோதித்த பிறகே பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். இது ஒரு பக்க வேலை. பெரிய வேலை, குரல்களைச் சேர்ப்பது. விமான நிலைய ஆணையத்துக்கு ஹைதராபாத் பேகம்பேட்டில் 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இந்திய ஆங்கிலத்தைத் தொகுத்த அனுபவம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. சென்னை வான்பகுதி வங்காள விரிகுடாவின் மேல் வெகுதூரம் விரிந்தது. அதில் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் கட்டுப்பாட்டாளராகப் பேசுகிறார்கள், இலங்கை, மலேசிய, வளைகுடா விமானிகள் பதில் சொல்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் செயற்கையாக உருவாக்க முடியாத குரல் களஞ்சியம் அங்கே நாள்தோறும் தானாகவே உருவாகிறது. ஆனால் அந்தப் பதிவுகளைப் பிறர் தொட விடக் கட்டுப்பாட்டாளர்கள் அஞ்சுவார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. குரல் பதிவு இதுவரை வெளியே வந்தது பெரும்பாலும் விசாரணைக்காகத்தான். இயந்திரத்துக்குப் பாடமாகக் கொடுத்த குரலிலிருந்து நாளைக்கு ஒருவரின் தவறைத் தோண்டி எடுத்துக் குறிப்பாணை கொடுத்தால், அதன் பிறகு யாரும் மனம் ஒப்பிக் குரல் தர மாட்டார்கள். பெயரும் தேதியும் நீக்கி, சம்மதம் எழுதி வாங்கி, ஒழுங்கு நடவடிக்கைக்கு இந்தத் தொகுப்பைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியாகவே எழுதி வைத்த பிறகுதான் சேகரிக்க வேண்டும். தொழிலாளர் சங்கத்தையும் அந்த விதியை எழுதும் மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

இந்த வேலையைத் தள்ளிப்போட முடியாததற்குக் காரணம் ஒன்று உண்டு. கட்டுப்பாட்டு அறைக் குரல் பதிவுகளைக் குறைந்தது 30 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. விபத்தோ விசாரணையோ இல்லையென்றால், அந்தக் கெடு முடிந்ததும் அவற்றை அழித்துவிடலாம். இன்று மாலை நீங்கள் வீடு திரும்பும் நேரத்தில், தலைக்கு மேலே கோவைக்குப் போகும் விமானத்தோடு யாரோ பேசிக்கொண்டிருப்பார்கள். உயரம் சொல்லுவார்கள், விமானி திருப்பிச் சொல்லுவார், அவர்கள் கேட்டுச் சரிபார்ப்பார்கள். ஒரு லெஃப்டு, ஒரு டிசெண்டு அந்தப் பதிவில் இருக்கும். அதை எடுத்து வைக்கச் சொல்லி இன்னும் யாரும் கேட்கவில்லையென்றால், அடுத்த மாதம் இதே நாளில் அது இருக்காமல் போகலாம்.